கமாண்டர் பட்டம் வாங்கிய விதம்

மலாக்காவில், பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தாமான் குடியிருப்பில், இந்தியர் நலச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் அங்கமுத்து பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். நடுவில் அவர் எழுந்ததெல்லாம் பேசுவதற்காகத்தான். காதணி விழாவோ, கல்வி ஊக்கப் பரிசோ, கருமக்கிரியையோ, எதுவானாலும் எழுவார். ஒலிவாங்கியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். "ரெண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்பார். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் சமையல்காரர்கள் சாம்பாரை இரண்டு தடவை சூடு பண்ணிவிடுவார்கள்.

அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அறுபது வயதில் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து வீட்டுச் சமையலறையை மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். மூன்றாவது வாரம் அவர் மனைவி கமலவேணி, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் ஷாந்தினிக்குப் போன் போட்டாள். அதிகம் பேசவில்லை. "உங்கப்பாவுக்கு ஏதாச்சும் வேல குடு" என்றாள்.

அப்படித்தான் அந்த வகுப்பு வந்தது. ஆறு வாரம், இணைய வழியில், நாய்களுக்கான விளையாட்டுப் பயிற்சி. நார்வேயில் இருக்கும் இங்க்ரிட் என்ற அம்மையார் வாரத்துக்கு ஒரு காணொளி அனுப்புவார். அதைப் பார்த்து இங்கே நாயோடு செய்து, படம் பிடித்து அனுப்பினால், பார்த்துக் கருத்து எழுதுவார்.

"கிளாஸ் நாய்க்கா, எனக்கா?" என்று அங்கமுத்து கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தான்பா."

தன்னையும் நாயையும் ஒரே வகுப்பில் சேர்த்தது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் முடிவில் ஒரு பரீட்சை உண்டு, தேறினால் நாயின் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுச் சான்றிதழ் தருவார்கள் என்று ஷாந்தினி சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பதினோரு ஆண்டில் அவர் கையால் சேவைச் செம்மல், சமூகச் சுடர், தொண்டு மாமணி என்று எத்தனையோ பட்டங்கள் கொடுத்திருக்கிறார். அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கொடுக்கிற ஆள் அவராகவே இருந்ததுதான் சிக்கல்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஜாசின் பக்கம் தோட்டத்தில் இருக்கும் கமலவேணியின் தம்பி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியது. பெயர் கருப்பு. பட்டம் வாங்கப் போகிற நாய்க்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று அங்கமுத்து அதற்குக் 'கமாண்டர்' என்று பெயர் மாற்றினார். சங்கத்துக்குத் தெரிவித்தார், அண்டை வீடுகளுக்குத் தெரிவித்தார். நாய்க்கு மட்டும் யாரும் தெரிவிக்கவில்லை.

முதல் பாடத்தில் இங்க்ரிட் பனி படிந்த ஒரு வெளியில் நின்றுகொண்டு சொன்னார்: ஒரே சொல், ஒரே தடவை, ஒரே குரல். நாய் சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு தின்பண்டம். தப்பாகச் செய்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். அங்கமுத்துவுக்கு ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்துப் பார்த்தபோது புரியவில்லை. தப்புப் பண்ணினால் ஒன்றும் சொல்லக்கூடாது என்றால் மேலதிகாரி எதற்கு?

இருந்தாலும் செய்தார். பழைய சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்றார். நாயைப் பார்த்து, இங்கே கவனி, ஐயா சொல்வதைக் கேள், இது சங்கத்தின் மானப் பிரச்சினை, நார்வே வரைக்கும் பார்க்கிறார்கள், அதனால் இப்பொழுது நல்ல பிள்ளையாக சிட், சிட் என்றால் உட்கார், எங்கே பார்க்கலாம் என்றார். நாய் அவர் முகத்தையே பார்த்தது. பிறகு வாலின் அடிப்பாகத்தைக் கடித்துச் சொறிந்துகொண்டது.

இங்க்ரிட்டின் பதிலை ஷாந்தினி போனில் தமிழ்ப்படுத்திச் சொன்னாள். அங்கமுத்துவின் உற்சாகம் மிகவும் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு சந்தேகமாம். அந்த நாற்பது வினாடிப் பேச்சில் எது கட்டளை?

அங்கமுத்து முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். நார்வே அம்மையார் தம் உற்சாகத்தைப் பாராட்டியதைச் சங்கச் செயலாளர் பிச்சைமுத்துவிடம் சொன்னார். பிச்சைமுத்து அதை மாதாந்தர அறிக்கையில் சேர்த்தார்.

இரண்டாவது வாரம் தடை தாண்டுதல். இரண்டு சாயத் தகரங்களின் மேல் துடைப்பக் கட்டையை வைத்தார். நாய் அடியில் நுழைந்து போனது. மூன்றாவது வாரம் சுரங்கப் பாதை. குழந்தைகள் விளையாடும் துணிக்குழாய் ஒன்றைத் தருவித்து விரித்தார். நாய் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. வெளியில் அடித்த வெயிலுக்கு அது செய்தது நியாயம்தான். நான்காவது வாரம் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். நாய் முதல் கம்பில் காலைத் தூக்கிற்று. ஒவ்வொரு வாரமும் இங்க்ரிட்டின் கருத்து புகழ்ச்சியில் தொடங்கிச் சந்தேகத்தில் முடிந்தது. நான்காவது கருத்தில், பேசாமல் ஒரு நாள் முயன்று பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். எதைப் பேசாமல் என்று அங்கமுத்துவுக்குப் புரியவில்லை.

அதைவிடப் புரியாத ஒன்றும் வீட்டுக்குள்ளேயே நடந்தது. கமலவேணி அதே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மின்பாகம் பொருத்தும் வரிசையில் வேலை செய்தவள். தூசி படக்கூடாத அறை அது. தலையுறை, முகமூடி, கண் மட்டும்தான் வெளியே. வேலை நேரத்தில் பேச்சுக் கூடாது. அந்தப் பெண்கள் கையாலேயே எல்லாம் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் நிறுத்து, அப்படியே இரு. உள்ளங்கையை மேலே திருப்பினால் சரி, அனுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கமலவேணிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நாய்க்குச் சோறு வைக்கும்போது கையை அமர்த்துவாள். நாய் உட்காரும். சோறு ஆறும்வரை, மீன் முள் எடுக்கும்வரை, நடுவில் வாசலுக்குப் போய்க் காய்கறி லோரிக்காரரிடம் கத்தரிக்காய் பொறுக்கித் திரும்பும்வரை அசையாது. கையைத் திருப்பினால்தான் தட்டருகே வரும்.

அங்கமுத்து இதைப் பார்த்திருக்கிறார். அது சோற்றுக்கு உட்காருகிறது, பயிற்சி வேறு என்றார். அப்படியானால் இங்க்ரிட்டும் தின்பண்டம்தானே கொடுக்கச் சொல்கிறார் என்று அவருக்கே ஒரு நிமிடம் தோன்றியது. குழப்பமாக இருந்ததால் அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

ஐந்தாவது வாரம்தான் வினை வந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கமுத்து வரவேற்புரையிலேயே தம் நாய்க்கு அனைத்துலகப் பட்டம் கிடைக்கப் போவதாக அறிவித்தார். மலாக்கா மாநிலத்திலேயே, ஏன், தமிழர் வீட்டு நாய்களிலேயே இதுதான் முதல் என்றார். துணைத் தலைவர் காளிதாஸ் எழுந்து கைதட்டினார். அவருக்கு அந்த நாற்காலியின் மேல் ஆறு வருடமாகக் கண்.

"ரொம்பச் சந்தோஷம் தலைவரே. பட்டம் வந்தா சங்கத்துலயே பாராட்டு விழா வெச்சிருவோம். வரலன்னா என்னா செய்யலாம், சொல்லுங்க?"

ஒலிவாங்கி கையில் இருக்கும்போது அங்கமுத்து பின்வாங்கிய ஆள் இல்லை. "வரலன்னா இந்த நாற்காலிய நீங்களே எடுத்துக்குங்கலா" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. பிச்சைமுத்து அதற்குள் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டார். பொருளாளர் ராஜம்மா முன்மொழிய, பின்வரிசையில் யாரோ வழிமொழிந்தார்கள். அன்றிரவு அங்கமுத்து சாப்பிடவில்லை. நாய் சாப்பிட்டது.

பரீட்சைக்கு ஒரே ஒரு காணொளி அனுப்ப வேண்டும். விதிமுறையை ஷாந்தினி மூன்று தடவை சொன்னாள். பதினைந்து நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே எடுப்பு. விண்ணப்பத்தில் மூன்று பட்டங்கள் இருந்தன: ஓட்டம், தடை தாண்டுதல், சுற்றிலும் என்ன நடந்தாலும் அசையாமல் இருத்தல். எதை எழுத வேண்டும் என்று கேட்டாள். கிடைப்பதை ஏன் விட வேண்டும், மூன்றையும் போடு என்றார் அங்கமுத்து.

"அப்பா, வீட்டுக்கு முன்னாடியே எடுங்க. நீங்க, நாய், போன். வேற யாரும் வேணாம்" என்று ஷாந்தினி சொல்லி வைத்தாள்.

ஆனால் பட்டம் வாங்குகிற ஒரு காரியத்தை ஆள் இல்லாமல் எப்படிச் செய்வது? நாளைக்குக் காளிதாஸ் நம்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க மண்டபம் என்று முடிவானது. பிச்சைமுத்து நிகழ்ச்சி நிரல் அச்சடித்தார். இறைவணக்கம், குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்புரை, சிறப்புச் செய்தல், வாழ்த்துரை, தலைமையுரை, நாயின் நிகழ்ச்சி, நன்றியுரை, மதிய உணவு. நாய் ஏழாவது.

எழுபது பேர் வந்தார்கள். துடைப்பக் கட்டை, கம்புகள், துணிக்குழாய் எல்லாம் மண்டபத்துக்கு வந்து வரிசையாக நின்றன. நாயை மேடைக்கு முன்னால் ஒரு பாயில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது கூட்டத்தைப் பார்த்துக் காதைப் பின்னுக்கு மடக்கியது. ஆரத்தித் தட்டோடு பச்சைப் புடவையில் பக்கத்தில் நின்ற கமலவேணி, இடது கையை மெல்ல அமர்த்தி அப்படியே வைத்துக்கொண்டாள். நாய் உட்கார்ந்தது.

பிச்சைமுத்துவிடம் போனைக் கொடுத்து, நிகழ்ச்சி தொடங்கும்போது எடுக்கத் தொடங்குங்கள் என்று அங்கமுத்து சொல்லியிருந்தார். பிச்சைமுத்து சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ராஜம்மா இறைவணக்கத்துக்கு வாயைத் திறந்ததும் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு ஏற்றினார்கள். காற்றில் ஒரு திரி அணைய, மறுபடி ஏற்றினார்கள். ஒலிபெருக்கி கீச்சென்று அலற, முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதது. வரவேற்புரையை ராஜம்மா சுருக்கமாக முடித்துவிட்டதால், அந்தக் குறையை அங்கமுத்து ஈடுகட்டினார். மேடையிலிருந்து இறங்கி நாயைச் சுற்றி வந்து, அதன் தலைக்கு மேல் கையை வீசிப் பேசினார். இருவர் வந்து நாய்க்கு மாலை போட்டார்கள். இன்னும் இருவர் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு காளிதாஸ் வாழ்த்துரைக்கு எழுந்தார். வாழ்த்துவதில் குறை வைத்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்ற கவலையில், பைரவரிலிருந்து ஆரம்பித்து நிதானமாக வாழ்த்தினார்.

நாய் அசையவில்லை. மாலைக்குள்ளிருந்து ஒரு எறும்பு மூக்கில் ஏறியபோது மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

தலைமையுரை பாதியில் இருக்கும்போது, பின்கட்டில் வடைக்கு எண்ணெய் காய்ந்துவிட்டதாக ஆள் வந்து சொல்ல, கமலவேணி அங்கே போனாள். கையைத் திருப்பாமல் போனாள்.

நாயின் நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டபோது மணி பத்து ஐம்பது. அங்கமுத்து தொண்டையைச் செருமி, "கமாண்டர், கோ" என்றார். ஆறு வாரத்தில் முதல் முறையாக ஒரே சொல்லில் கட்டளை கொடுத்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாய் உட்கார்ந்திருந்தது. மறுபடி சொன்னார். மலாயில் சொன்னார். நிலைமையை விளக்கிச் சொன்னார். நாய் மரியாதையாகக் கேட்டது, பொன்னாடையோடு உட்கார்ந்தே இருந்தது. காளிதாஸ் எழுந்து போய்த் தலைவர் நாற்காலியின் கையை லேசாகத் தடவிப் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் அங்கமுத்துவுக்கு என்ன ஆனதோ. "இப்பிடித்தான், பாரு" என்று துடைப்பக் கட்டையை அவரே தாண்டினார். கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினார். துணிக்குழாய்க்குள் தலையை விட்டார். தோள் வரைக்கும் போயிற்று. எழுபது பேருக்கும் கைதட்டுவதா கூடாதா என்று தெரியவில்லை. சிலர் தட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் இது எந்த எண் என்று பிச்சைமுத்து தேடினார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத்தான் தலைவரை வெளியே எடுத்தார்கள்.

அப்போது வடைத் தட்டோடு கமலவேணி வந்தாள். பாயில் நாய் இன்னும் இருப்பதைக் கண்டு, ஐயோ பாவம் மறந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே கையைத் திருப்பினாள். நாய் பொன்னாடை பறக்க ஓடி வந்து வடையைக் கவ்வியது.

போனில் ஐம்பத்தெட்டு நிமிடம் பதிவாகியிருந்தது. அன்று மாலையோடு கெடு முடிகிறது. வேறொன்று எடுக்கலாம் என்றால் அங்கமுத்துவின் இடுப்பு அனுமதிக்கவில்லை. ஷாந்தினி இருந்ததை இருந்தபடி ஏற்றினாள். அந்தத் தளம் முதல் பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டது. அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, கெட்ட செய்தி ஒரு வாரம் கழித்து வந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை செயலவைக் கூட்டம் அங்கமுத்து வீட்டுக் கூடத்திலேயே நடந்தது, அவர் இடுப்பை உத்தேசித்து. தலைவர் நாற்காலியையும் மண்டபத்திலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். அங்கமுத்து அதில் உட்கார்ந்திருந்தார். காளிதாஸ் கையில் ஒரு புது மெத்தையணை இருந்தது. யாருக்கென்று எவரும் கேட்கவில்லை. வார இறுதிக்கு வந்திருந்த ஷாந்தினி முடிவுக் கடிதத்தைத் திறந்து, முதலில் தனக்குள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னம்மா?" என்றார் அங்கமுத்து.

"ஓட்டம், பார்க்க முடியல. தடை தாண்டுறது, பார்க்க முடியல." காளிதாஸ் மெத்தையணையை மடியில் நிமிர்த்தினார். "அசையாம இருக்குறது, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. பட்டம் கெடச்சிருக்குப்பா."

யாருக்கும் புரியவில்லை. ஷாந்தினி முழுவதையும் தமிழில் சொன்னாள். இத்தனை வருடத்தில் இப்படியொரு கடினமான சூழ்நிலையை எந்த மாணவரும் ஏற்பாடு செய்ததில்லை என்று இங்க்ரிட் எழுதியிருந்தார். தீ, பாட்டு, அலறும் கருவி, அழும் குழந்தை, நாயின் மேல் துணியும் பூவும் போடும் அந்நியர்கள், அத்தனைக்கும் நடுவில் நாய் சிலை மாதிரி இருந்தது. முக்கியமாக, ஒலிவாங்கியோடு நாயைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திய அந்தப் பெரிய மனிதர் மிகச் சிறந்த இடையூறு. அவரை எங்கிருந்து பிடித்தீர்கள்? பச்சைப் புடவைப் பெண்மணி ஒரு சொல்லும் சொல்லாமல் ஒற்றைக் கையில் நாயை நிறுத்தியிருந்தது பாடமாக வைக்கத்தக்கது. சான்றிதழில் பயிற்சியாளர் பெயராக அவர் பெயரையே போட்டிருக்கிறார்களாம்.

"நேத்து மெயில்ல பச்சப் பொடவ யாருன்னு மட்டும் கேட்டாங்க, எதுக்குன்னு சொல்லல. நான் அம்மா பேரக் குடுத்துட்டேன்" என்றாள் ஷாந்தினி.

அங்கமுத்து அந்தப் பெரிய மனிதர் காளிதாஸாக இருக்கலாம் என்று நினைத்தார். காளிதாஸோ, அது தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றார். இறங்கி வந்தது அவர்தானே.

பிறகு ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. பட்டம் வந்துவிட்டது, ஆகவே நாற்காலி தலைவருக்கு என்றார் பிச்சைமுத்து. வந்தது தலைவருக்கு இல்லையே, கமலவேணி அக்காவுக்கு அல்லவா என்றார் காளிதாஸ். கூட்டக் குறிப்பில் நாய்க்கு என்றுதான் இருக்கிறது என்று பிச்சைமுத்து பக்கத்தைக் காட்டினார். அப்படியென்றால் நாற்காலி நாய்க்கா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்காததால் அதுவும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைசியில் ராஜம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பேசாம நாற்காலிய நீங்களே எடுத்துக்குங்க. டைட்டில் உங்க பேர்லதானே வந்திருக்கு."

கமலவேணி தேநீர்த் தட்டோடு கதவருகில் வந்து நின்றாள். பின்னாலேயே நாயும் வந்தது. "எனக்கு எதுக்குலா அது. உக்காந்திருக்குறவங்களே உக்காந்திருக்கட்டும்" என்றாள்.

காளிதாஸ் மெத்தையணையைக் காலுக்கடியில் தள்ளினார். அங்கமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நாற்காலி போகவில்லை. பட்டமும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. இடையூறு என்ற சொல்லுக்கு நார்வேயில் வேறு பொருள் இருக்கக்கூடும், பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் ஒரு தலைவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டே வார்த்தை" என்றார்.

கமலவேணியின் வலது கையில் தட்டு இருந்தது. இடது கை மெல்ல அமர்ந்தது.

நாய் உட்கார்ந்தது. தலைவரின் நாற்காலியை நகர்த்த எழுந்திருந்த பிச்சைமுத்து உட்கார்ந்தார். அங்கமுத்துவும் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே 'அனைத்துலக' என்ற சொல் பாதியில் நின்றது.

கூடத்தில் பேச்சில்லை. கமலவேணி ஒவ்வொருவரிடமும் தேநீர்த் தட்டை நீட்டினாள். சங்கக் கூட்டத்தில் சூடாகத் தேநீர் குடிப்பது எல்லோருக்குமே புதிது. ஊதி ஊதிக் குடித்தார்கள்.

அங்கமுத்து நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். கமலவேணியின் கை இன்னும் திரும்பவில்லை.